பிடிக்க இடமில்லை

“விடும்மா. நானே நிக்கிறேன்.”

அப்படிக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தண்ணீர் கேள், தலையணை கேள், ஒன்றுக்கு வருகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்து. ஆனால் நடக்கும்போது, பின்னால் பட்டையைப் பிடித்திருக்கிறவர்களிடம் விடு என்று மட்டும் கேட்காதே. மகள் கேட்டுவிட்டாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வாக்கரின் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டு நின்றபடி, இடுப்புப் பட்டையை இழுத்துப் பிடித்திருந்த கையிடம், எரிச்சல் தாங்காமல் கேட்டுவிட்டாள்.

“எதைடி விடச் சொல்ற?” என்றாள் அம்மா.

குரல் சமையலறையிலிருந்து வந்தது.

அங்கே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. இரண்டு சத்தமும் சட்டென்று நின்றன. அதே நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த பிடி, ஒவ்வொரு விரலாக, நெகிழ்ந்தது. முழங்கால்கள் இல்லாமல் போயின. வலிக்கவில்லை, நடுங்கவில்லை, ஸ்விட்சை அணைத்ததுபோல் இல்லாமல் போயின. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் கீச்சிட்டு விலக, அவள் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

அம்மா ஓடி வந்து சோப்பு நுரையோடு அவள் வாயைப் பொத்தினாள். “இல்ல, இல்ல. தெரியாம சொல்லிட்டா. அவ சொல்லல.”

பட்டை இறுகியது. அவளைத் தூக்கி நிறுத்தியது. அம்மாவின் ஒரு கை அவள் வாய்மேல் இருந்தது. இன்னொரு கை சுவரில் ஊன்றியிருந்தது.

“யார்கிட்ட பேசற?” என்றாள் அவள், நுரையைத் துப்பிவிட்டு.

“உன்கிட்டதான். வேற யாரு இருக்கா இங்க.” சொல்லும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, இன்னொரு முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவளுக்குச் சுலபம். பழகிய வேலை. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான், தாண்டியதே கோபத்தில்தான். பெண்பிள்ளைக்கு எதற்கு இன்ஜினியரிங், எந்தப் பாலம் இவளுக்காகக் காத்திருக்கிறது என்று கேட்ட பெரியப்பா மேல் கோபம். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டுக் குனிந்து சிரித்த கல்லூரியின் முதல் வரிசை மேல் கோபம். கோபத்திலேயே படித்து, கோபத்திலேயே தேர்வு எழுதி, குடிநீர் வாரியத்தில் இளநிலைப் பொறியாளர் என்று ஆணை வந்தபோது, அதை ரசிக்க நேரம் கொடுக்காமல் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் போனது. கால் விரல்கள் மரத்தன. பிறகு பாதம், முழங்கால், இடுப்பு, கைகள். நோய் ஒவ்வொரு படியாக மேலே ஏறி வந்தது. அது மார்புக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஐ.சி.யூ.வில் தொண்டையில் குழாயோடு கிடந்தாள். நரம்பின் மேலுறை கரைந்துவிட்டது, நோய் வந்த வழியே மெல்ல இறங்கும் என்றார் டாக்டர். இறங்கியது. மூச்சு வந்தது, குரல் வந்தது, கைகள் வந்தன. கால்களுக்கு மட்டும் அவசரமில்லை.

வாரியத்துக்கு அவசரம் இருந்தது. சேரும் தேதியை ஒரு முறை தள்ளிக் கொடுத்தார்கள், இனித் தள்ள மாட்டார்கள். நேரில் வர வேண்டும், அவர்களுடைய மருத்துவர் முன்னால் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து காட்ட வேண்டும். குழாய்க்கு வரைபடம் போட எதற்குக் கால் என்று ஃபோனில் கேட்டுப் பார்த்தாள். “பள்ளத்துல இறங்கிப் பார்க்கணும்ல மேடம்” என்றார்கள். நடக்காவிட்டால் வேலை பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்கு. அந்த அடுத்த ஆள் ஏற்கெனவே ஒரு நாள் கூப்பிட்டு, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தான்.

பட்டை அம்மா தைத்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையும் பின்னால் ஒரு பிடியும் வேண்டும், நடக்கும்போது ஆள் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பிசியோக்காரர் சொன்னதும், அம்மா தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மிஞ்சிய ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து, பித்தளை ஆணி அடித்து, ஒரு மாட்டைக் கட்டலாம் என்கிற பலத்தில் தைத்துக் கொண்டுவந்தாள். பிசியோக்காரர் ஒரு விதி சொன்னார்: நடக்கும்போது முன்னால் பாருங்கள், பின்னால் திரும்பினால் விழுவீர்கள். அம்மா தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்தாள். விடு என்று கேட்காதே. அது அம்மாவுடைய வழக்கமான பைத்தியக்காரத்தனம் என்று அவள் நினைத்திருந்தாள்.

பகலில் வீடு காலியாகும். அம்மா மறுபடி ஷிப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அண்ணி ஜெராக்ஸ் கடைக்குப் போவாள். லாரி ஓட்டும் அண்ணன் எந்தச் சாலையில் இருக்கிறான் என்பது அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. தண்ணீர் பாட்டில், ஃபோன், மாத்திரை டப்பா, மூடி போட்ட கமோடு நாற்காலி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, மகாராணியாகப் படுத்திரு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மதியத்து வீட்டுக்கு என்று தனியாகச் சத்தங்கள் உண்டு என்பது படுத்துக் கிடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஃபிரிட்ஜ் நடுங்கி அடங்கும் சத்தம், மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழியும் சத்தம், வெயிலில் காய்ந்த ஜன்னல் சட்டம் தானாக ஒரு முறை சொடுக்கெடுப்பது, மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, அதற்கெல்லாம் அடியில், எல்லாம் ஓய்ந்த பிறகும் ஓயாமல், தன்னுடைய மூச்சு உள்ளே போய் வெளியே வருகிற சத்தம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அந்த மூச்சை அவள் நம்புவதில்லை. கடன் வாங்கி உடுத்திய சேலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விடு என்று சொன்ன மறுநாள் மதியம், தேதி நெருங்கிவிட்ட எரிச்சலில், யாரும் இல்லாமல் நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள். கையால் கால்களைத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டாள். பட்டையை மாட்டினாள். வாக்கரைப் பிடித்தாள். எழுந்தாள்.

எழுந்துவிட்டாள்.

அவ்வளவு லேசாக. பட்டையின் பிடி கட்டில் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும், அதனால்தான் பின்னால் இழுக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஒரு அடி வைத்தாள். இழுப்பு கூடவே வந்தது. சமையலறை வரைக்கும் போனாள். கதவுச் சட்டத்தைத் தொட்டாள். இத்தனை நாளும் கூண்டுக் கிளி மாதிரிக் கட்டிலில் இருந்தே பார்த்த அந்தச் சமையலறை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரி, குழாயில் கட்டிய துணி, எல்லாம் எட்டி நின்று அவளைப் பார்ப்பதுபோல் இருந்தன. அழுகை வந்தது. நான் நடக்கிறேன்.

அப்போதுதான் அந்த வாடை. ஸ்பிரிட், ஈரமான பஞ்சு, தரை துடைக்கும் மருந்து, அதன் அடியில் நெடுநாள் படுத்துக் கிடந்த உடம்பின் புளித்த வாடை. தன் வாடைதான் என்று நினைத்தாள். கழுத்தின் பின்புறம் சில்லென்றது. மருத்துவமனை ஏ.சி.யின் குளிர். வெயில் நேரம், வீட்டில் ஏ.சி. கிடையாது.

திரும்பிப் பார்க்கவில்லை. விதி. வாக்கரை வட்டமாகத் திருப்பிக் கட்டிலை நோக்கி நடந்தாள். நடுவில், மூச்சு வாங்க, நின்றாள்.

அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் எதுவோ நிற்கச் சற்று நேரம் எடுத்தது. முதுகுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு இடி. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று, இன்னும் தள்ளி. ரயில் நிற்கும்போது பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகுமே, அப்படி ஒன்றன்பின் ஒன்றாக, சமையலறை வரைக்கும், பின்கதவு வரைக்கும், போய் ஓய்ந்தது.

டப். டப். டப். டப்.

மேல் வீட்டு நாற்காலி, என்று சொல்லிக்கொண்டாள். நல்ல பட்டதாரி. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

பிசியோக்காரர் வந்தார். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினார். கால் அசையவில்லை. “பாதத்தை என் கைமேல அழுத்துங்க.” அழுத்தினாள். அவருடைய உள்ளங்கைக்குத் தெரியவில்லை. “பரவாயில்ல மேடம். வரும். இப்பதான் தொடை வரைக்கும் வந்திருக்கு.”

“நான் நடக்கிறேன் சார்.”

“யாரு, கனவுலயா?”

எழுந்து காட்டினாள். அவர் பிடிக்க வேண்டாம் என்றாள். ஜன்னல் வரைக்கும் போய் வந்து அவர் முன்னால் நின்றபோது, அவர் கை தட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மண்டியிட்டு அவள் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். இன்னொரு காலை. மறுபடி முதல் காலை.

“நிக்கிற கால்னா சதை இறுகணும். இது தூங்கற கால் மேடம்.”

“தூங்கற கால் நடக்குமா?”

அவர் குனிந்து, தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் குதிகாலுக்கு அடியில் தள்ளினார். காகிதம் போனது. பாதத்தின் நடுவே போனது. விரல்களின் அடியில் போனது. முன்பக்கம், எதிலும் இடிக்காமல், வெளியே வந்தது.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட்டை எடுத்தார். “அடுத்த வாரம் வேற ஆளை அனுப்பறேன்” என்றார். படியிலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

அண்ணியிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள், சிரித்தால் இது போய்விடும் என்று நினைத்தாள். அண்ணியின் வாய்க்குப் பேய்கூட நிற்காது என்பது அந்த வீட்டின் நம்பிக்கை.

“ஆபீசரம்மா, எந்திரிங்க. குளியலறையில உங்களுக்கு வரவேற்புக் கூட்டம்” என்றபடி, மறுநாள் காலையில் அண்ணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். “நாளைக்கு வேலைக்குப் போயிட்டா என்னை எல்லாம் ஞாபகம் இருக்குமா? முதுகு தேய்ச்சவளாச்சேன்னு ஒரு ஓரமா நாற்காலி போடுவியா?”

“வாசல்ல போடறேன், அண்ணி. செருப்பு பாத்துக்கங்க.”

“அடிப்பாவி. வாய் மட்டும் வியாதியே இல்லாம இருக்கு.”

அவள் எழுந்து நின்றாள். அண்ணி பின்னால் போய்ப் பட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள். துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அண்ணி பேசாமல் இருந்து அவள் கேட்டதில்லை. வாக்கரின் அலுமினியத்தில், கோணலாக, அண்ணியின் உருவம் தெரிந்தது. கையை நீட்டியபடி நின்றிருந்தது. தடவிப் பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் தடவிப் பார்க்கிறது.

“என்ன அண்ணி?”

“பிடிக்க எடமில்ல” என்றாள் அண்ணி.

கேலி இல்லை அந்தக் குரலில். நெரிசல் பேருந்தில் கம்பியைத் தேடுகிறவள் சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னாள். பிறகு கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள். முன்பக்கமாகச் சுற்றி வந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து, அவளைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். வழி முழுக்க அவள் தோளுக்கு மேலே பார்க்காமலிருக்கத் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணி கையைக் கழுவினாள். கழுவிவிட்டு வந்து, மறுபடி கழுவப் போனாள்.

அம்மா ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தலையில் வழக்கம்போல் ஜீன்ஸ் துணியின் நீலப் பஞ்சு. வலது பக்கமாகச் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஐ.சி.யூ. வாசல்ல நீ என்ன பண்ணின?” என்று கேட்டாள் அவள்.

“என்ன பண்ணுவாங்க. உக்காந்திருந்தேன்.”

“அம்மா.”

அம்மா தன் நகத்தில் ஒட்டிய நூலைப் பிய்த்தாள்.

“உனக்கு மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருக்கேன். நர்ஸ் ஓடறா, டாக்டர் ஓடறாரு. நீ போய்க்கிட்டிருந்த. பெத்தவளுக்குத் தெரியாதா. கத்திட்டேன். யாராச்சும் என் பிள்ளையப் பிடிங்க, நான் ஒண்டியாப் பிடிக்க முடியலன்னு.”

“யாரைப் பாத்துக் கத்தின?”

“வராண்டாவுல நெறைய பேரு இருந்தாங்கடி. வரிசையா நாற்காலியில. நான் இருந்த அத்தனை நாளும் இருந்தாங்க. பேச மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க, உள்ள யாரையும் பாக்கப் போகவும் மாட்டாங்க. வாசல் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நம்மள மாதிரி வக்கத்ததுங்கன்னு நெனச்சேன். நான் கத்தினதும் எல்லாரும் எந்திரிச்சாங்க.”

“எல்லாருமா?”

“அதுக்கப்புறம்தான் உனக்கு மூச்சு சீரா வந்துச்சு. வார்டுக்கு மாத்தினப்ப, ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வரலாம்னு போனேன். அங்க நாற்காலியே இல்ல. அந்த வராண்டாவுல நாற்காலி போட்டதே கிடையாதுங்கிறாரு வாட்ச்மேன்.”

ஃபிரிட்ஜ் நடுங்கி அடங்கியது.

“யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கிணத்துல பிள்ளை விழுந்து கெடக்கு. கயிறு போடறவன்கிட்ட நின்னு ஊரு பேரு கேப்பாங்களா?”

அம்மா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள். எங்கே விரலை வைத்துக் காட்டினாலும் அங்கே போடுவாள். அப்படிப் போடும் முன் படித்துப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று சொல்லத்தான் அந்த வீட்டில் ஒருத்தி படித்தாள். அன்றைக்கு அவள் உள்ளே தொண்டையில் குழாயோடு கிடந்தாள். கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியாமல், வாழ்க்கையில் முதல் முறையாக, அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சேரும் நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டை, புதுக் கால்சட்டை. சட்டைக்கு மேலே பட்டையைக் கட்டி, அதன் மேல் ஒரு துப்பட்டாவைச் சரித்துக்கொண்டாள். வாரியத்தின் அலுவலகம் பக்கம்தான், கால் உள்ளவர்கள் நடந்தே போவார்கள். ஆனாலும் அண்ணி கடையிலிருந்து ஒரு வாடகைக் காருக்குச் சொல்லியிருந்தாள். கூட வரவில்லை. விடிந்ததும் கடைக்குப் போய்விட்டாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“பின்கதவு மூட மாட்டேங்குது” என்றாள்.

“மரம் உப்பியிருக்கும்.”

“மழையே இல்லையேடி. நடுவுல ஆள் நிக்கற மாதிரி இருக்கு. தள்ளிப் பாத்தேன். மெத்துமெத்துன்னு இருக்கு.” அம்மா கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். “சொல்லிடு.”

“எதை?”

“விடச் சொல்லி. நீயே சொல்லு. உன் வாயால சொன்னாத்தான் கேக்கும் போல. நீ விழுந்தா நான் பிடிச்சுக்கறேன். சத்தியமா. எத்தனை வருஷம் ஆனாலும் நான் பிடிச்சுக்கறேன்.”

“மூச்சையும் அதுதான் பிடிச்சிருந்தா?”

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“உன் இடுப்பைக் காட்டு” என்றாள் அவள். அம்மா அசையவில்லை. “எத்தனை நாளா ஒரு பக்கமா சாஞ்சு உக்கார்ற? நீ பிடிப்ப. நீ விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் யாரு பிடிப்பா? மறுபடி வராண்டாவுல போய்க் கத்துவியா?”

“வேலையா பெருசு?”

“கட்டில்ல கெடந்து பாரு. அப்ப தெரியும் எது பெருசுன்னு.”

சொன்ன பிறகுதான், இதைத் தான் எப்போதோ முடிவு செய்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. காகிதம் பாதத்துக்கு அடியில் தடையில்லாமல் போனபோதா, சமையலறைக் கதவுச் சட்டத்தைத் தொட்டபோதா, தெரியவில்லை. வேலை அடுத்த ஆளுக்குப் போகாது. அவ்வளவுதான். யாராக இருந்தாலும் பிடித்துக்கொள்ளட்டும்.

வாக்கரைச் சுவரோரம் தள்ளினாள்.

எழுந்தாள். பட்டை இறுகியது. இப்போது அது ஒரு கையின் இறுக்கம் இல்லை. பெரிய பாரம் ஏற்றிய வண்டியின் நுகம்போல் இடுப்பு எலும்பில் உட்கார்ந்தது. முன்னால் சாய்ந்தால்தான் நகர முடிந்தது. சாய்ந்தாள்.

ஒரு அடி.

டப். பின்னால். டப். சமையலறையில். டப், டப். பின்கதவுக்கு அப்பால், வெளியே, இன்னும் தூரத்தில்.

ஸ்பிரிட் வாடை. கழுத்தில் குளிர். காதுக்குப் பக்கத்தில் மூச்சு இல்லை. மூச்சு இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நெற்றி மாதிரி ஏதோ முதுகில் சாய்ந்திருந்தது.

வாசல்படி.

இறங்கினாள். வெயில். தெரு.

தெரு எப்போதும்போல் இருந்தது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணி. மூடிய கடையின் இரும்புக் கதவு. தெரு முனையில் கார், முகத்தைப் பெரிய சாலைப் பக்கம் வைத்து நின்றது. யாரும் வெளியில் இல்லை. அவள் நடந்தாள். இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வாசல்படியில் பாதங்கள் இறங்கும் சத்தம். ஒரு செருப்பு மட்டும் போட்ட யாரோ. டப், சரக். டப், சரக். அதற்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார்.

இன்னொருவர்.

காரை நெருங்கியபோது டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பல்குச்சியை மென்றுகொண்டிருந்தார். மெல்வது நின்றது.

“ஒரு ஆள்னுதான மேடம் சொன்னாங்க.” கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “நாலு பேருக்கு மேல ஏத்தினா ஃபைன் போடுவான்.”

அவளும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

தன் முகம். இஸ்திரி போட்ட காலர். அதற்குப் பின்னால், அவள் முதுகில் நெற்றியை வைத்தபடி, மழித்த தலை ஒன்று. அதன் இடுப்பைப் பிடித்த கைகள். அந்தக் கைகளுக்குரிய பெண், மூக்கில் தொங்கும் குழாயோடு. அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்த இன்னொருவர். அவருக்குப் பின்னால். அவருக்குப் பின்னால். பச்சை அங்கிகள், கட்டுகள், ஒற்றைச் செருப்பு. யாரும் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுகிற ஒருத்தியைத் தாங்குகிறவர்கள் இப்படிப் பிடிப்பதில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்க அம்மாவின் முந்தானையைப் பிடிக்கும் பிள்ளைகள்தான் இப்படிப் பிடிப்பார்கள்.

கண்ணாடியின் மூலையில், சின்னதாக, வீட்டு வாசல் தெரிந்தது. அம்மா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. பிறகு முயல்வதை விட்டுவிட்டாள்.

“நடந்தே போறேன்” என்றாள் அவள்.

டிரைவர் தலையாட்டினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவள் முன்னால் சாய்ந்தாள். பட்டை இறுகியது. காரைத் தாண்டினாள். தாண்டும்போது அந்தச் சின்னக் கண்ணாடியில் கடைசியாக ஒரு முறை அம்மாவைப் பார்த்தாள். ரயில்வே கேட்டில் காத்து நிற்கிறவளைப்போல் அம்மாவின் தலை சின்னச் சின்னதாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெளியே. மறுபடி உள்ளேயிருந்து வெளியே. ஒவ்வொருவராக.

வாசல் இன்னும் காலியாகவில்லை.